பின்கட்டில் ஊன்றிய கல்யாணக் கால்

திருத்தணி
சுபானு வருஷம் மாசி 28

சிரஞ்சீவி கஜபதிக்கு நைனாவின் அநேக ஆசீர்வாதம். மலைமேல் இருப்பவன் தயவில் நானும் உன் அம்மாவும் ரஞ்சிதமும் சுகம். பட்டாளத்தில் நீயும் சுகமாக லாரி ஓட்டுகிறாய் என்று ஐந்து மாதம் கழித்து நேற்று வந்த கடிதத்தில்தான் தெரிந்தது. கேட்டதும் அம்மா படியேறிப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள், முழங்கால் வலி எங்கே போயிற்றோ.

நான் செய்த பைத்தியக்காரத்தனத்தையும் கேள். உன் கல்யாணப் பந்தலில் நட்ட கல்யாண முருங்கைக் கிளையைப் பின்கட்டில் ஊன்றினோமே, அது தழைத்தால் குடும்பம் தழைக்கும் என்று, வருகிற வைகாசிக்குத்தான் இரண்டு வருஷம், அதற்குள் ஓட்டுக்கு மேலே போய்விட்டது. போன வருஷம் பாதி இலையாவது நின்றது, இந்தத் தையில் அத்தனையும் பழுத்துக் கொட்டி முள்ளும் குச்சியுமாக நின்றது. அடிவாரத்தில் கற்பூரம் விற்றே தலை நரைத்தவனுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும். பக்கத்து வீட்டு கௌரியம்மாள் வேறு சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, கல்யாணக் கால் பட்டுப்போச்சா என்று கேட்டுவிட்டாள். உன் கடிதமும் இல்லை, மரமும் இப்படி, உன்னைக் கட்டிக்கொண்டு வந்த ரஞ்சிதத்தின் மனசு என்ன பாடுபடும் என்று பயந்து, கே.ஜி.கண்டிகையிலிருந்து தழைத்த கிளை ஒன்று கொண்டுவந்து மறைத்து வைத்தேன். அவள் தண்ணீருக்குப் போன நேரம் பழையதைப் பெயர்த்துவிட்டு இதை நட்டுவிடலாம் என்று கடப்பாரையும் போட்டேன். நாலு குத்து விழுவதற்குள் குடத்தோடு வந்து நின்றாள். வாணாம் மாமா, அது சாவல, எல்லா எலையும் கொட்டிட்டுத்தான் பூ வுடும், எங்க ஊட்டு வேலியில வருஷா வருஷம் பாத்துகினுதான கீறோம் என்று சொல்லி நகத்தால் பட்டையைக் கீறிக் காட்டினாள். உள்ளே பச்சை. நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், எழுத வெட்கமில்லை. அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டியவன் நான், அவள் எனக்குச் சொன்னாள். இப்போது நுனியெல்லாம் சிவப்புப் பூ, மைனாக்களின் சத்தம் தாங்கவில்லை. இப்படி ஒரு பெண்ணைக் கொடுத்த தெய்வத்துக்கு நான் என்ன செய்தாலும் தகும்.

நேற்று தபால் வந்தபோது என் மூக்குக்கண்ணாடி கடையில் இருந்தது. நான் படிக்கட்டுமா மாமா என்றாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு நேற்றுதான் தெரியும். அம்மாவின் முழங்கால், கடை வியாபாரம், பசு கன்று போட்டதா என்று எல்லாம் விசாரித்திருக்கிறாய். கடைசி வரி முடிந்தும் தாளைத் திருப்பிப் பார்த்தாள். அவள் பெயர் எங்கும் இல்லை. பெரியவர்கள் கைக்கு வரும் கடிதத்தில் பெண்டாட்டி பெயரை எழுதக் கூச்சம்தான், நானும் அப்படி இருந்தவனே. அவர் நல்லா கீறாருங்க, அது போதும் என்று மடித்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு, பனியில் தலையை மூடிக்கொள். தீர்க்காயுசாக இரு. ஒன்று மறக்காதே, இனி எனக்குக் கடிதம் போடாதே. ரஞ்சிதம் பெயருக்கு விலாசம் எழுது. நாங்கள் பிரிக்க மாட்டோம். எங்களுக்குச் சொல்ல வேண்டியதை அவள் சொன்னால் போதும்.

உன் நைனா
சிவப்பிரகாசம்