பின் அட்டையில் உன் பெயர்

திருநெல்வேலி டவுண்,
19-1-1996

அன்புள்ள தங்கச்சி சித்ரலேகாவுக்கு,

அண்ணன் சிவசைலம் எழுதுவது. நானும் உன் மதினி கோமுவும் நல்லபடியாக இருக்கிறோம். மெட்ராஸில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். தை முகூர்த்தம் தொடங்கிவிட்டதால் கடையில் சீர் பாத்திரம் எடுக்கிற கூட்டம். அதற்கு நடுவில் உன் கடிதம் வந்தது. கல்லாவில் உட்கார்ந்தே வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. எதற்கு இத்தனை கோபம் என்பதுதான் முழுசாகப் பிடிபடவில்லை.

எனக்கு விளங்கிய மட்டில் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. மார்கழியில் நம்ம சீவலப்பேரிப் பிள்ளை மதுமதி அங்கே வந்து ஆடினாள். நீ பார்த்துவிட்டு, அருமையாக ஆடினாள் என்று பத்திரிகையில் உன் பத்தியில் எழுதினாய். அன்றைக்குச் சபாவில் கொடுத்த விழா மலரின் பின் அட்டை முழுக்க, 'நல்வாழ்த்துகளுடன் சித்ரலேகா பாத்திர மாளிகை, திருநெல்வேலி டவுண்' என்று நம் கடை விளம்பரம். யாரோ மெனக்கெட்டு அதை உன் ஆசிரியருக்கு அனுப்பி, விமர்சகி வீட்டுக் கடை விளம்பரம், ஆடுகிற பிள்ளையின் மலரில் கிடக்கிறது, இந்த விமர்சனத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டிருக்கிறார்கள். விஷயம் தெளிகிற வரைக்கும் அவர் உன் பத்தியை நிறுத்திவிட்டார். இவ்வளவுதானே?

இதில்தான் எனக்குக் குழப்பம். காசு நம் கடையிலிருந்து போயிருக்கிறது. உனக்கு ஒன்றும் வரவில்லை. அப்புறம் நீ எப்படி விலை போனவள் ஆவாய்? பக்கத்துத் துணிக்கடை தாஜ் முகம்மதுவிடம் கேட்டேன். அவர், தங்கச்சி பேரைக் கடைக்கு வச்சீரு, சரி, அந்தப் பேரு இப்போ மெட்ராஸில தனியா ஒரு கடை நடத்துது, அது உமக்குத் தெரியலையே வே என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம்ம ஊரில் நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வராதவர் யார்? அம்மன் கொடை, மேலப்பாளையத்தில் தர்கா கந்தூரி, பள்ளிக்கூட ஆண்டுவிழா, எல்லா நோட்டீஸிலும் நம் கடைப் பேர் இருக்கும். ஐப்பசியில் மதுமதிக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற பாளையங்கோட்டை நடன வாத்தியார் குருபிரசாத் அப்படித்தான் வந்தார். கூடவே மதுமதியின் அப்பா, டவுன் பஸ் கண்டக்டர். உள்பக்கத்தில அரைப்பக்கம் போதும் அண்ணாச்சி என்றுதான் கேட்டார்கள். நான்தான், நம்ம ஊர்ப் பிள்ளை மெட்ராஸ் மேடை ஏறுது, பின் அட்டையே போடும் என்றேன்.

உன் பேர் விஷயத்தில் எனக்கு எப்போதும் இப்படித்தான் கை நீளும். உன் கவிதைப் புத்தகம் வந்தபோது, சீர் எடுக்கிறவர்கள் பையில் எல்லாம் ஒன்று போட்டுக் கொடுத்தேன். அதற்கும் சத்தம் போட்டாய். அந்தக் காலத்து ஆட்டக்காரிகளின் வரலாறு தேடி ஏரல் பக்கமெல்லாம் நீ அலைந்தபோது, நம் சரக்கு வேனில்தான் அண்டாவுக்கும் குடத்துக்கும் நடுவே உட்கார்ந்து போனாய். அந்த வரலாற்றுப் புத்தகத்துக்குப் பாராட்டு வந்த அன்றைக்குக் கடை போர்டைத் துடைக்கச் சொன்னேன். இதிலெல்லாம் எது சரி, எது வரம்பு மீறியது என்று இப்போது யோசித்தால் ஒன்றும் புரியவில்லை.

நீ கேட்டதுக்கு வருகிறேன். நான் உன் ஆசிரியருக்கு எழுத வேண்டும் என்கிறாய். விளம்பரம் போட்டது உனக்குத் தெரியாது, அது வியாபாரத்துக்குப் போட்டது, மதுமதியைப் பற்றி நமக்குள் பேச்சே நடக்கவில்லை என்று. முதல் இரண்டும் சத்தியம். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. குருபிரசாத் ரசீது எழுதும்போதே, என் தங்கச்சிதான் மெட்ராஸில நாட்டிய விமர்சனம் எழுதுதா, வந்து பார்க்கச் சொல்லுதேன் என்று பெருமைக்குச் சொல்லிவிட்டேன். சொன்ன மாதிரி உனக்குப் போனும் போட்டேன். விளம்பரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஆடுது, முடிஞ்சா பாரு என்றேன். நீயும் சரி என்றாய். உன் கடிதத்தில் அந்தப் போனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்தாயா, வேண்டாமென்று விட்டாயா, தெரியவில்லை. குருபிரசாத் வாய் ஓட்டைவாய். நாளைக்கு அவர் எங்கேயாவது சொல்லிவைத்தால், இப்போது இருக்கிற பழி பொய்ப்பழி என்பதும் போய், உண்மைப்பழி ஆகிவிடும்.

இன்னொன்று கேட்கிறேன், கோபப்படாதே. அந்தப் பிள்ளை நிஜமாகவே நன்றாக ஆடினாளா? நீ எழுதினதை நம்பாமல் கேட்கவில்லை. அண்ணன் சொன்னானே என்று எழுதினாயோ என ஒரு நிமிஷம் எனக்கே தோன்றிவிட்டது. எனக்கே தோன்றினால் ஊருக்குத் தோன்றாதா? அந்த நிமிஷம்தான் உன் கோபம் கொஞ்சம் விளங்கியது. நேற்றுக் கண்டக்டர் கடைக்கு வந்து நின்றார். ஒன்றும் வாங்கவில்லை. பிள்ளை சலங்கையத் தொடமாட்டேங்கா அண்ணாச்சி, காசு கொடுத்து எழுதினதுன்னு பேசுதாவளாம் என்றார். காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பித்தளையைத் தட்டினால் நல்ல சரக்கா என்று சத்தம் சொல்லிவிடும். உன் தொழிலில் எதைத் தட்டிப் பார்ப்பது என்று தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால் பத்தி போகுமா, சொல்லாவிட்டால் போகுமா, அதுவும் தெரியவில்லை. ஆகவே உனக்குப் போன் பேசினது உட்பட எல்லாவற்றையும் உன் ஆசிரியருக்குத் தனிக் கடிதமாக எழுதி, ஒட்டாமல் இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். வாசித்துப் பார். அனுப்புவதும் கிழிப்பதும் உன் இஷ்டம். பாதியை அடித்துவிட்டு மட்டும் அனுப்பாதே.

இனிமேல் வேறு பேரில் எழுதப்போவதாகக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதை மட்டும் உன் மதினிக்கு வாசித்துக் காட்டவில்லை. வேண்டாம் தாயி. கடைக்குப் பேர் மாற்றலாம், வாடிக்கைக்காரர்கள் கொஞ்ச நாள் தடுமாறிவிட்டுப் பழகிக்கொள்வார்கள். போர்டு எழுதுகிற முகம்மது மைதீன் இன்று காலையில் வந்து அளவெடுத்தார். ஏணியில் நின்றபடியே, என்ன பேரு எழுத அண்ணாச்சி என்று கேட்டார். எவ்வளவு யோசித்தும் எனக்கு உன் பேரைத் தவிர ஒன்றும் வாயில் வரவில்லை. அவரும் காத்திருந்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நீ கவிதை எழுதுகிறவள். கடைக்கு ஒரு பேர் எழுதி அனுப்பு. கோபத்தோடு எழுதினாலும் அதையே வைத்துக்கொள்கிறேன். நெல்லையப்பரும் காந்திமதியும் உனக்குத் துணை இருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அண்ணன்,
சிவசைலம்