ஒற்றை எண் பக்கத்து அக்கா

அக்கா,

இன்று விடியற்காலை யாரோ வந்து போயிருக்கிறார்கள். நான் கீழே இறங்கி வந்தபோது கதவில் கடிதம் போடுகிற துவாரத்தில் ஒரு நோட்டீஸ் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றது. வெளியே நின்ற பாதி தூறலில் நனைந்து துவண்டிருந்தது. "காலை வணக்கம், இன்று வாக்களிக்கும் நாள்" என்று இங்கிலிஷில் போட்டிருந்தார்கள். எனக்கு வாசிக்கத் தெரிந்த கொஞ்ச இங்கிலிஷில் அதுவும் ஒன்று. எத்தனை தெருவுக்கு அதைப் போட்டிருப்போம் நாங்கள் இரண்டு பேரும்! ஆனால் வாசிக்க முன்னமே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. இதைப் போட்டவருக்கு உங்களைத் தெரியாது. தெரிந்திருந்தால் முழுவதையும் உள்ளே தள்ளியிருப்பார். "பாதி வெளியிலை நிண்டால், வீட்டிலை ஆக்களில்லை எண்டு கள்ளனுக்கு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி" என்பீர்கள்.

இழுத்தெடுத்து மூக்கில் வைத்தேன். புது மை மணம். உங்கள் முன்னறை முழுக்க அந்த மணம்தான். சோபாவில் மனிதர் இருக்க இடம் இராது, றப்பர் பாண்ட் போட்ட நோட்டீஸ் கட்டுகள் கால் நீட்டிப் படுத்திருக்கும். தேத்தண்ணீருக்கு வைத்த தண்ணீர் கொதித்து, தானாகவே அடங்கியும் விட்டது. நான் நடைவழியில் அந்தக் கடதாசியோடு நின்றுகொண்டே இருந்தேன். பனிப்புகாருக்குள் நிற்பதுபோல இருந்தது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கும், சிரிக்காதீர்கள். ஞாபகத்தில் பிழை இராது. கோயிலில் இருபது வருசத்துக்கு முன் என்னை முழங்கையால் இடித்துவிட்டுப் பொங்கல் வாங்கினவளோடு நான் இன்றுவரை கதைக்கவில்லை. "உனக்குள்ளை ஒரு பொலிஸ் ஸ்டேசன் இருக்குதடி. எல்லாற்றை பேரிலையும் முறைப்பாடு எழுதி வைச்சிருக்கிறாய்" என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்கள். அந்த ஸ்டேசனில் உங்கள் பேரிலும் ஒன்று எழுதினேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் முதன்முதல் லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வாசலுக்கு வந்தபோது என்னுடைய மனிசன் உயிரோடு இருந்தார். நான் சங்கிலியை எடுக்காமலே கதவைத் திறந்தேன். நெஞ்சில் கட்சிப் பூவைக் குத்திக்கொண்டு நின்றீர்கள்.

"வோட்டோ? எங்களுக்கு அரசியல் வேண்டாம். அங்கை, ஊரிலை கண்டது காணும்" என்றேன்.

நீங்கள் பிரசங்கம் வைப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ என்னைப் பார்க்காமல் முற்றத்து மதிலடியைப் பார்த்தீர்கள். "உந்த உடைஞ்ச மெத்தை எத்தினை நாளாக் கிடக்குது?"

"மூண்டு கிழமை. பக்கத்து வீட்டுக்காரர் போட்டது. மகன் கவுன்சிலுக்குப் போன் அடிச்சவன், ஒருத்தரும் வரேல்லை. எலி வரப்போகுது. ஆரிட்டைச் சொல்லி அழுறது?"

"அப்ப நீங்கள் இப்ப அரசியல்தானே கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்" என்றீர்கள்.

சங்கிலியை எடுத்தேன். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் தந்தேன். அதைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனீர்கள். மெத்தை அந்தக் கிழமையே போய்விட்டது. ஆனாலும் நான் தந்த தேத்தண்ணீரை மிச்சம் விட்ட கோபம் எனக்குப் போகவில்லை. பிறகு உங்களோடு நடக்கத் தொடங்கியபோதுதான் விளங்கியது. பத்து வீட்டில் முழுக் கோப்பை குடித்தால் பதினோராவது வீட்டில் வோட்டுக் கேட்க முடியாது, கக்கூஸ்தான் கேட்க வேண்டும்.

தெருவின் ஒற்றை எண் பக்கம் உங்களுக்கு, இரட்டை எண் பக்கம் எனக்கு. நாய் உள்ள வீடுகளில் விரல் போகாமல் இருக்க ஆளுக்கொரு மர அகப்பைக் காம்பு. அதைக்கொண்டு நோட்டீசைத் தள்ளுவோம். இடையில் கார்கள் போகும். நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து உரத்துக் கதைப்பீர்கள், நான் இந்தப் பக்கத்திலிருந்து மறுத்துக் கதைப்பேன். யன்னல் சீலைகள் விலகும். இந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது முழுக்க அப்படி ரோட்டுக்குக் குறுக்கே வந்து சேர்ந்ததுதான்.

ஆஸ்பத்திரியில் ஐந்து மணித்தியாலம் காத்திருந்த கதையை நான் ஒருநாள் சொல்லி, எனக்கு முன்னே இருந்த குடும்பத்தை, நேற்று வந்த சனம் என்று ஏசினேன். நீங்கள் நடையை நிற்பாட்டிவிட்டீர்கள். "வரிசையிலை முன்னுக்கு நிக்கிறவனிலை கோவிக்காதை. கவுண்டர் யன்னலை மூடிப்போட்டுப் போனவனிலை கோவி." எங்கள் ஆட்களே, இனி இந்த நாட்டுக்குள் ஒருவரையும் விடக்கூடாது என்று வாசலில் நின்று சொல்லும்போது உங்கள் முகம் கறுத்துவிடும். "பஸ்ஸிலை தொங்கி ஏறினவன்தான், ஏறின உடனை, இடமில்லை றைற் எண்டு முதல் கத்துவான்" என்பீர்கள். வெள்ளைக்காரரையும் விடவில்லை. "இவையின்ரை காலை நீ மிதிச்சாலும் இவைதான் சொறி சொல்லுவினம். அது பணிவு எண்டு நினைச்சிடாதை. கதையை அதோடை முடிக்கிற வழி." உங்கள் கட்சியையும்தான். வென்ற பிறகு தெருவை மறந்தவர்களைக் கூட்டத்தில் முகத்துக்கு நேரே கேட்டீர்கள். அதனால் உங்களை மேடையில் இருத்த மாட்டார்கள். கதிரை அடுக்க மட்டும் கூப்பிடுவார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே அடுக்குவீர்கள். அவர்கள் பேரும் என் ஸ்டேசனில் இருக்கிறது.

இப்போதும் கனவில் அந்தத் தெரு வருகிறது. வீட்டு எண்கள் ஒழுங்கில்லாமல் இருக்கும். நீங்கள் அந்தப் பக்கம் சிவப்புக் கோட்டோடு போவீர்கள், கதவுகள் தாங்களாகவே வாய் திறந்து நோட்டீசை வாங்கும். கார் ஒன்றும் இராது. சத்தமும் இராது. நான் கூப்பிடுவேன், என் குரல் ரோட்டின் நடுவில் பஞ்சுபோல நின்றுவிடும். தெரு முடிகிற இடத்தில் நாங்கள் சந்திக்க வேண்டும். தெரு முடியாது.

உங்களுக்கு இந்த நாட்டில் எல்லாவற்றிலும் பிடித்தது என்ன என்று எனக்குத் தெரியும். நான் பிரஜாவுரிமை எடுத்தபின் முதல் தரம் வோட்டுப் போட என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். தேவாலயத்தின் பக்கத்து மண்டபம். மெழுகு பூசிய நிலம், நூலில் கட்டிய பென்சில். நான் பாஸ்போட், சேர்டிபிக்கற், கரண்ட் பில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். ஒருவரும் கேட்கவில்லை. பேரைக் கேட்டார்கள், வீட்டு நம்பரைக் கேட்டார்கள், கடதாசியைத் தந்தார்கள். வெளியே வந்தபோது உங்கள் முகம் கொடியேற்றம் பார்த்தவர் முகம்போல இருந்தது.

"கண்டியே பிள்ளை? சொன்னால் நம்பிற நாடு."

"நம்பினால் கள்ள வோட்டுப் போடுவாங்கள்" என்றேன். சும்மா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த எரிச்சல் எனக்கு.

"போடலாம். போடுறவை மிச்சம் குறைவு. அதுதான் எனக்கு அதிசயம்."

பிறகு சட்டம் மாறியது. வோட்டுப் போடப் படம் ஒட்டிய அட்டை காட்ட வேண்டும் என்று வந்தது. கூட்டங்களில் எழும்பி எதிர்த்துக் கதைத்தீர்கள். அதே வாயால் வீடு வீடாகப் போய், "அட்டையை மறந்திடாதேங்கோ, முதியோர் பஸ் பாஸ் எண்டாலும் காணும்" என்று சொன்னீர்கள். ஒருவருடைய வோட்டும் வீணாகக்கூடாது என்று அந்த மழைக்கால இடைத்தேர்தலுக்கு எத்தனை படி ஏறினீர்கள்! வோட்டு நாள் பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து அதே மண்டபத்தில் இறங்கினோம். வரிசையில் நான் முன்னே, நீங்கள் பின்னே.

நான் பாஸை நீட்டினேன். மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெட்டை பார்த்துவிட்டு வோட்டுக் கடதாசியைத் தந்தாள். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. ஏனென்றால் கொழும்பில் ஆமி சுற்றி வளைத்தபோது அடையாள அட்டை கையில் இருந்தபடியால்தான் நானும் மகனும் தப்பினோம். அட்டையைத் தொட்டுப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

நான் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினேன். நீங்கள் மேசைக்கு முன்னே அப்படியே நின்றீர்கள். பேர் சொன்னீர்கள். விலாசம் சொன்னீர்கள். அந்தப் பெட்டை ஏதோ கெஞ்சுவதுபோலக் கேட்டாள். நீங்கள் திரும்பவும் பேரும் விலாசமும் சொன்னீர்கள். பிறகு மெல்லத் திரும்பி, ஒருவரையும் பார்க்காமல் வெளியே நடந்தீர்கள்.

நான் பஸ் தரிப்பில் உங்களைப் பிடித்தேன்.

"என்னக்கா விசர் வேலை? பையுக்கை பஸ் பாஸ் கிடக்குது. இப்ப பஸ்ஸிலை காட்டிப்போட்டுத்தானே வந்தனீங்கள்?"

"காட்டேல்லை. மிஷினிலை வைச்சனான்."

"ரெண்டும் ஒண்டுதான்."

"இல்லைப் பிள்ளை. மிஷின் என்ரை முகத்தைப் பாக்கிறேல்லை. அந்தப் பெட்டை உன்ரை அட்டையைப் பாத்தா, உன்ரை முகத்தைப் பாத்தா, திரும்ப அட்டையைப் பாத்தா. நான் பின்னுக்கு நிண்டு பாத்தனான்." பையின் வாயை இழுத்து மூடினீர்கள். "ஊரிலை ஆமிச் சென்றியிலை என்னை அப்பிடித்தான் பாத்துப்போட்டு விட்டவங்கள். எனக்குப் பின்னுக்கு நிண்ட பிள்ளையை விடேல்லை."

"அது அங்கை. இது இஞ்சை. இவள் பாவம், சொறி சொல்லிச் சொல்லிக் கேட்டவள்."

"ஓம், நல்ல பெட்டை. எனக்குத்தான் கை எழும்பேல்லை."

"அப்பிடியெண்டால் தபாலிலை போட்டிருக்கலாமே?"

"கால் இருக்கேக்கை நடந்து போய்ப் போடுறதுதான் எனக்கு ஆசை. போகேக்கை ஏலும் எண்டுதான் நினைச்சனான்."

"கொள்கை எண்டு சொல்லுங்கோவன்."

"ஊருக்கு அப்பிடித்தான் சொல்லப்போறன். உனக்குப் பொய் சொல்லேலாது. பயம்."

அந்த இடத்தில் நான் உங்கள் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. "அப்ப காட்டின நாங்கள் என்ன, மானங்கெட்ட சனமோ? எங்களையெல்லாம் காட்டச் சொல்லிப்போட்டு நீங்கள் மட்டும் உயர நிக்கிறியளோ?" என்று கத்தினேன். நீங்கள் அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உங்கள் பயத்தில் எனக்கு ஓர் அவமானத்தை நானே தேடி எடுத்தேன். பஸ் வந்தது. நீங்கள் ஏறி, எனக்காகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் ஏறாமல் நடந்தேன்.

அதற்குப் பிறகு உங்கள் பேர் போனில் வெளிச்சமாகும், அணையும். நான் எடுப்பதில்லை. ஒருதரம் போனில் குரல் பதிந்து வைத்திருந்தீர்கள். "பிள்ளை, இரட்டைப் பக்கம் ஆளில்லை. வாறியோ?" அவ்வளவுதான். கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை, வேலைக்குக் கூப்பிடுகிற குரல். நான் மனதுக்குள், இன்னும் ஒரு கிழமை போகட்டும் என்றேன். அடுத்த கிழமையும் அதையே சொன்னேன். குளிர் வந்தது. மரக்கறிக் கடையில் பில் போடுகிற பெண் முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே, "உங்கடை கட்சி அக்கா நித்திரையிலையே போயிட்டாவாம், தெரியுமே?" என்றாள். தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முள் ஆடி ஆடி நின்றது.

செத்தவீட்டில் கட்சிக்காரர் பேசினார்கள். கதிரை அடுக்க மட்டும் கூப்பிட்டவர்கள் அன்று உங்களை வானத்துக்கு ஏற்றினார்கள். கடைசித் தேர்தலில்கூட அநியாயச் சட்டத்துக்குப் பணியாமல் நின்ற கொள்கைவாதி என்றார்கள். சனம் கை தட்டியது. நான் வாய் திறக்கவில்லை. ஊருக்குச் சொன்னது ஊரோடு இருக்கட்டும் அக்கா. எனக்குச் சொன்னது என்னோடு இருக்கிறது. பிறர் செய்த பிழைகளை இத்தனை வருசம் சுமந்தவளுக்கு, ஒருவருடைய பயம் இவ்வளவு பாரமாக இருக்கும் என்று தெரியாது.

இன்று பத்து மணிபோல மண்டபத்துக்குப் போனேன். வாசல் செறிப்பழ மரம் பூக்கொட்டி, நிலமெல்லாம் இளஞ்சிவப்பு. மேசையில் வேறொரு பெட்டை. பாஸை நீட்டினேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப அட்டையைப் பார்த்தாள். மூன்று மூச்சு நேரம் இருக்கும். முந்தி எத்தனையோ தரம் இப்படிப் பார்த்திருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் செய்ததில்லை. இன்றைக்கு மட்டும் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

ஓர் ஆபிரிக்கப் பெண், தள்ளுவண்டியில் குழந்தையோடு. கைப்பையைக் கிண்டிக்கொண்டு நின்றாள்.

என் கடதாசி கைக்கு வந்துவிட்டது. நான் போகவில்லை. மேசையில் இருந்தவள், வோட்டுப் போடுகிற மறைப்புத் தட்டி அந்தப் பக்கம் இருக்கிறது, ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். பின்னால் நின்றவள் சாவிக்கொத்தை எடுத்தாள், பால் போத்தலை எடுத்தாள், ஈரத்துணிப் பெட்டியை எடுத்தாள். அட்டை வரவில்லை. அவள் நெற்றி வேர்த்தது. தள்ளுவண்டிக்கு வெளியே நீண்டிருந்த குழந்தையின் காலை நான் பிடித்துக்கொண்டேன். கடைசியில் கோட்டுப் பொக்கற்றுக்குள் இருந்தது. பெட்டை அட்டையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், திரும்ப அட்டையைப் பார்த்தாள். கடதாசியைக் கிழித்துக் கொடுத்தாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்து, ஏன் நிற்கிறேன் என்று விளங்காமல், சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துத் தட்டிகளுக்குப் போனோம்.