ஆம்புலன்ஸ் வரிக்கு நான் போட்ட ஓட்டு

அன்பு மகள் ரேனெலுக்கு, கெண்டக்கி மலையிலிருந்து அப்பா சொல்லி எழுதுவது. நான் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறேன். ஓரிகனில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் ஏழு மாதப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுத்து தெரியாததால் கீழ்வீட்டு வெர்லாதான் எழுதுகிறாள். அவளைப் பற்றியும் இதில் வரும், ஒரு வார்த்தை விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நரி மூன்று கோழியைக் கொண்டுபோயிற்று. கூரைத் தகரம் மாற்றினேன். உன் கடிதத்தை வெர்லா இரண்டு தடவை வாசித்தாள். அம்மா படுத்த கட்டிலில் பிள்ளை பெற்றுக்கொள்ள வருகிறேன் என்கிறாய். வைத்தியம் மனுஷனுடைய உரிமை, அரசாங்கம்தான் தர வேண்டும், இந்தச் செவ்வாய்க்கிழமை ஓட்டிலாவது ஆம்புலன்ஸ் வரிக்குச் சம்மதம் சொல்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறாய்.

மூன்று வருஷத்துக்கு முன், மாவட்ட ஆம்புலன்ஸுக்கு வரி போடலாமா என்று முதல் ஓட்டு வந்தபோது, வேண்டாம் என்று சொல்ல நான் வீடு வீடாகப் போனது உனக்குத் தெரியும். அணை கட்ட என் அப்பாவின் நிலத்தை அரசாங்கம் எடுத்த நாளையும், அன்று வந்த அதிகாரியின் சப்பாத்து நிறத்தையும்கூடச் சொன்னேன். அடுத்தவன் கையை நம்பி வருவது உரிமை இல்லை, நம் கையால் முடிவதுதான் உரிமை என்றேன். சர்ச்சில் கைதட்டினார்கள். உன் அம்மா ஓமா மட்டும் சோளரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நான் விழுந்தா அந்தக் கையாலதான் தூக்கிட்டுப் போவியா, டெல்மர்?" என்று கேட்டாள். தூக்குவேன் என்றேன். வரி தோற்றது, ஆம்புலன்ஸை விற்றார்கள், அதை ஓட்டிய வெர்லா இப்போது பெட்ரோல் பங்கில் நிற்கிறாள்.

பிப்ரவரியில் அம்மா அடுப்பருகே விழுந்தாள், வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. போன் செய்தால், அடுத்த மாவட்டத்திலிருந்து வண்டி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். தூக்கினேன் ரேனெல், இந்தக் கையாலேயே தூக்கி நம் வண்டியில் போட்டேன். முதல் பாலம் வரைக்கும் என் சட்டையைப் பிடித்திருந்தாள். இரண்டாவது பாலத்தில் பிடி விட்டது. தூக்கத்தில் போனாள் என்று உனக்குச் சொன்னது பொய். கைதட்டியவர்கள் இருபத்திரண்டு பாத்திரம் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பீன்ஸும் பன்றிக்கறியும் ஒரு வாரம் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஓட்டுச்சாவடிக்கு வெர்லாவைத்தான் துணைக்குக் கூட்டிப்போனேன். வாசிக்கத் தெரியாதவன் சொன்னபடியே குறிப்பேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கினார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க டெல்மர் மாமா, ஆமாவா வேண்டாமா? என் வேலைக்காகக் கேக்கல, ஓமா அத்தைக்காகக் கேக்கறேன்" என்றாள். ஆமாம் என்றால் அன்று வேண்டாம் என்றது தப்பு, உன் அம்மாவைக் கொன்றது நான். வேண்டாம் என்றால் கொன்றது தூரம். வேண்டாம் என்றேன். அவள் நான் சொன்ன கட்டத்தில்தான் குறித்தாள். வெளியே வந்து, "உங்களவிட அந்த ரோடு எவ்வளவோ தேவல" என்றாள். வரி மறுபடியும் தோற்றது. என் ஒரு ஓட்டால் அல்ல, என்னைப் போல இங்கே நிறையப் பேர்.

அதனால் நீ வராதே. கட்டிலைப் பிரித்துக் கொட்டகையில் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற ஊரிலேயே பெற்றுக்கொள். மறக்காமல் துணிப்பெட்டியை இப்போதே கட்டி வாசலில் வை. கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் காக்கட்டும். இங்கே அந்த வேலைக்கு அவரைத் தவிர ஆள் வைக்கவில்லை.

அப்பா டெல்மர்
(கீழே உள்ள குறி என் கையால் போட்டது)
X