சத்தமில்லாத கொக்கி

மார்ச் 3

ஆமாம், சத்தம் நின்றதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ட்ரெயிலரை இழுக்கும் கொக்கி ஜீப்பின் பின்னால் லொடலொடவென்று அடித்துக்கொண்டே வரும். பாப்பா தூங்க மாட்டாள். இவன், என் புருஷன், சைக்கிள் ட்யூபை வெட்டி இடுக்கில் திணித்தான். அன்றிலிருந்து வண்டிக்குள் அமைதி. விசேஷங்களுக்கு ஜெனரேட்டர் கொண்டுபோவதுதான் எங்கள் பிழைப்பு, மூவருமாக.

மார்ச் 6

பெரிய ஜெனரேட்டர் வந்துவிட்டது. பழையதைப் போல இரண்டு மடங்கு கனம். பத்தாம் தேதி முதல் வேலை, மலைமேல் ஒரு கல்யாணம்.

"கொக்கி தாங்குமா?" என்று கேட்டேன்.

"சத்தமே இல்லையே. அப்புறம் என்ன?"

மார்ச் 7

அவன் வெளியே போயிருந்தபோது ட்யூபை உருவினேன். கிரீஸைத் துடைத்தேன். கொக்கியில் ட்ரெயிலர் வந்து உட்காரும் இரும்பு உருண்டை ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. அதைத் தாங்கும் தகட்டில், வெல்டிங் ஓரம், மெல்லிய துருக்கோடு. நகத்தை வைத்துப் பார்த்தேன். மாட்டியது. விரிசல்தான்.

வந்ததும் காட்டினேன்.

"புரொபசரம்மா ஆராய்ச்சி முடிஞ்சுதா? கல்யாணம் முடியட்டும், மாத்திக்கலாம்."

"அப்போ பாப்பாவ நான் ஏத்த மாட்டேன்."

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, "சரி. நான் மட்டும் போலாமா?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டான்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? இவனுக்கு ஏதாவது ஆனா — பயம் இல்லையா எனக்கு? இருக்கு. வாயில வரல. பாப்பா பேரச் சொல்லித்தான் எதையும் கேக்கத் தெரியுது எனக்கு.

மார்ச் 8

அவன் ஜெனரேட்டரை ட்ரெயிலரில் ஏற்றிக் கட்டினான். உருவிய ட்யூபை நான் திரும்பத் திணிக்கவில்லை.

மார்ச் 9

டீயை நீட்டும்போது சொன்னேன். "பாப்பா வரலன்னாலும் நீ போகக்கூடாது."

"ஏன்?"

"கேக்காத."

டம்ளரை வாங்கினான். குடித்து முடித்து, கல்யாண வீட்டுக்குப் போன் செய்தான். அவர்கள் திட்டியது சமையலறை வரை கேட்டது. "நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்," என்று வந்து உட்கார்ந்தான். முகம் லேசாக இருந்தது.

மார்ச் 12

பட்டறைக்காரர் குனிந்து பார்த்தார். "இது உருண்டையா, முட்டையா?" ஜீப் எவ்வளவு இழுக்கும் என்று பார்த்து, தகட்டோடு முழு செட்டையும் மாற்றினார். இவன் பழையதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரிசலில் அவனும் நகத்தை வைத்தான்.

மார்ச் 15

புது இடத்தில் வேலை, அதே பெரிய ஜெனரேட்டர். ட்ரெயிலரை மாட்டும்போது ஆயிரம் தடவை தானே இறங்கிப் பார்ப்பவன், இன்று ஜன்னல் வழியே தலையை நீட்டி, "நீ சொல்லு," என்றான்.

"வா... வா... கொஞ்சம் இடது. போதும்."

கொக்கித் தாழை அழுத்தினேன். சங்கிலியை மாட்டினேன். ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.