முழங்கைப் பொத்தான்

கோபக்காரத் தம்பிக்கு,

போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், இதையாவது படி. உன் கை சிக்கிய அந்த நாளுக்குப் பிறகு, நம் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினுக்கு நாம் செய்த பாதுகாப்புப் பூட்டின் வரைபடத்தை நான் இணையத்தில் இலவசமாகப் போட்டதற்கு, "நம்ம மூளைய ஊருக்கே ஓசில குடுத்துட்டியேக்கா" என்று கத்திவிட்டு ஊத்துக்கோட்டைக்குப் போனாயே, அந்த வரைபடம் கென்யா வரை போயிருக்கிறதடா!

அங்கே ஒரு பட்டறைக்காரர் அதைச் செய்து பார்த்தாராம். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்று வைத்தோம் இல்லையா, அது அவருடைய தங்கைக்குச் சரிப்படவில்லையாம். அவள் வலது கையில் எப்போதும் துணி சுற்றியிருப்பாளாம். அதனால் வலது பொத்தானை அகலமாக்கி, முழங்கையால் அழுத்துகிற மாதிரி மாற்றி, புதுப் படத்தை நமக்கே அனுப்பியிருக்கிறார்.

நேற்றே மாட்டிவிட்டேன். நீ இப்போது எந்நேரமும் செய்வதுபோல வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இடது பொத்தானைக் கையால் அழுத்தி, வலது பொத்தானில் முழங்கையை வைத்ததும் பிரஸ் டமால் என்று இறங்கியது! வேலைக்கு வரும் ரோசம்மாள், "இன்னாக்கா, இப்பிடி குதிக்கினுகீற?" என்று சிரித்தாள்.

உன் ஸ்டூலில் நேற்று நான் உட்கார்ந்ததோடு சரி, வேறு யாரையும் விடவில்லை. காலை பஸ்ஸில் கும்மிடிப்பூண்டிக்கு வா. கையைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம், அப்படியே வா.

உன் அக்கா