இருநூற்று நாற்பது வோல்ட்

ஆகஸ்ட் 6, 2024, செவ்வாய்

போடியில் இன்று போர்டு மாட்டியவன் எல்லாம் போட்டோகிராபர். கேமராவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. இவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். என் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைக் கையில் கொடுத்தால் முழிப்பார்கள். லென்ஸ் வளையத்தைத் திருப்பி, கண்ணாடிச் சன்னலில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்க வேண்டும். அதற்குக் கண் வேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. ஜீப்பு ஓட்டும் அருள்பாண்டியின் அம்மா அய்யம்மாள், நாற்பத்தோரு வருஷம் காய் எடுத்துவிட்டு வேலையை விடுகிறாள். கூட வேலை பார்த்த பெண்களோடு ஒரே ஒரு படம் வேண்டுமாம். படம் எடுக்கவேண்டிய இடம் காய் உலர்த்தும் ஸ்டோர்; உள்ளே ஒரே இருட்டு. பிலிம் காலத்து ஃபிளாஷைத் துடைத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுஃபியா, சில்லறை கேட்டு வந்தவள், மேசையில் இருந்த ஃபிளாஷைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, இதையா டிஜிட்டல்ல மாட்டப்போறீங்க? பழசு சிலது கேமராவுல சொருகுற அடிக்கால் வழியா இருநூறு வோல்ட்டுக்கு மேல தள்ளும். கொண்டாங்க, மீட்டர் வச்சு வெரசா பாத்துருவோம்."

செல்போனைச் சுரண்டுகிறவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள்!

"இத வச்சு ஐந்நூறு கல்யாணம் எடுத்திருக்கேன். ஒன் சோலியப் பாரும்மா" என்று சிரித்தேன். சில்லறையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கேமரா செத்துவிட்டது.

ஆகஸ்ட் 12, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

முப்பத்தைந்து பெண்கள் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். நடுவே நாற்காலியில் அய்யம்மாள். அமுக்கினேன். ஃபிளாஷ் அடித்தது — கேமரா அணைந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், மூன்று தடவை. ஒன்றுமில்லை. "பேட்டரி மக்கர்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

ஒருத்தி செல்போனை எடுத்தாள். "அதுல எடுத்தா படமா? இருங்க, இப்ப வந்துரும்" என்று தடுத்தேன்.

ஏன் தடுத்தேன்?

வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் ஜீப்புகள் ஹாரன் அடித்தன. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கலைந்தார்கள். அய்யம்மாள் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இன்னும் இருக்கணுமா அப்பு?"

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சுஃபியா கடைப் படியை ஏறினேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஃபிளாஷுக்குச் சார்ஜ் ஏற்றி, அடியில் நடுப்புள்ளியில் ஒரு கம்பியும் ஓர இரும்பில் ஒரு கம்பியும் வைத்தாள். மீட்டரில் 240.

"பிலிம் கேமராவுல அது வெறும் சுவிட்சு, தாங்கிக்கிரும். இதுல பொடி சர்க்யூட்டுண்ணே. எத்தன வோல்ட்டு தாங்கும்னு கேமராவோட வந்த புக்குல போட்டிருப்பானே, படிக்கலையா?"

படிக்கவில்லை. ஒன்றும் தெரியாதவர்கள் என்று ஊரையே ஏசுகிற நான், முப்பது பக்கம் படிக்கவில்லை. தற்குறி. வேறு என்ன சொல்ல?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அய்யம்மாள் மலையை விட்டு இறங்கி, ராசிங்காபுரத்தில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டாள். போய் உண்மையைச் சொன்னேன்.

"பேட்டரி இல்ல ஆத்தா. எல்லாம் என் திமிரு. ஒரு பிள்ள முன்னாலேயே சொல்லுச்சு, நான் கேக்கல."

"அன்னைக்கு நின்னவளுகள்ல நாலு பேரு வேற எஸ்டேட்டுக்குப் போயிட்டாளுக. இனி எங்கிட்டுக் கூடுறது?"

அவளை மட்டுமாவது எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"தனியா எதுக்கு?" என்று உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 5, வியாழன்

கம்பத்திலிருந்து தௌபீக் என்று ஒருவர் வந்தார். என்னைப் போலவே பல வருஷமாகக் கல்யாணப் படம் எடுப்பவர். கையில் புது டிஜிட்டல் கேமரா; பையில் ஒரு பழைய ஃபிளாஷ். "இந்தா மாட்டிப் பாத்துருவோம்ணே" என்றவரின் கையைப் பிடித்து நிறுத்தி, பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போனேன்.

சுஃபியாவைப் பார்த்ததும் என் காதருகே குனிந்தார். "செல்போன் கடைப் பொம்பளைக்கு இதுல என்ன தெரியும்?"

அன்று நான் சிரித்த அதே சிரிப்பு. எதிரே நின்று பார்க்கும்போதுதான் தெரிகிறது, எவ்வளவு அசிங்கமான சிரிப்பு அது.

"உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "அவங்க பாத்துச் சொல்லட்டும்."