கிணறு மாதிரி தெரிந்த வட்டம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் கேட்பதில்லை, தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை எனக்குச் சரியாக இருக்கிறது, அவருக்குக் கை நீளம். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மூன்று நாளாக என் நினைப்பெல்லாம் மைதானத்தில் நட்டிருக்கிற ஒரு கல்லைப் பற்றித்தான்.

விமானத் தபால் மைதானத்துக்கு அறுபதாம் ஆண்டு விழா என்று கமிட்டிக்காரர்கள் உனக்குப் போன் செய்தார்களாமே, விமானப் பட்டறையில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண், அதிலும் மைதானக் காவல்காரரின் பேத்தி, நீங்கள்தான் நினைவுக் கல்லைத் திறந்துவைக்க வேண்டும் என்றார்களாமே, நீயும் சந்தோஷமாகச் சரி என்றுவிட்டாயாமே. உன்மேல் குறை இல்லை, கல்லில் என்ன வெட்டியிருக்கிறது என்று அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மைதானம் இப்போது லாரி நிறுத்துமிடம். டிரைவர்கள் ஒதுங்குகிற சுவருக்குப் பக்கத்தில்தான் கல்லை நட்டிருக்கிறார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் படிக்க வேண்டும். அந்தக் காலத்து நகராட்சித் தலைவரைப் பற்றித் தொலைநோக்கு, தியாகம் என்று ஏழு வரி. அதற்குக் கீழே, காவல்காரரின் கவனக்குறைவால் முதல் விமானம் இறங்காமல் திரும்பியது என்று ஒரு வரி. உன் தாத்தாவுக்குக் கிடைத்தது அந்த ஒரு வரிதான்.

உனக்கு இந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும், அதனால் முழுவதும் எழுதிவிடுகிறேன். மைதானம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கல் பொறுக்கி மேடு தட்டிய ஒரு புல்வெளி, காற்று எந்தப் பக்கம் என்று காட்டக் கம்பத்தில் ஒரு துணிப்பை, தபால் மூட்டை வைக்க ஒரு தகரக் கொட்டகை. மாடு விரட்டுவதும் புல் வெட்டுவதும், நடுவில் சுண்ணாம்பால் பெரிய வெள்ளை வட்டம் போட்டு அது மங்காமல் பார்த்துக்கொள்வதும் என் அப்பாவின் வேலை. மேலிடத்திலிருந்து வந்த தாளில் தெளிவாக இருந்தது, வட்டம் என்றால் இறங்கலாம், பெருக்கல் குறி என்றால் இறங்காதே. முதல் விமானம் வருவதற்கு முந்தின நாள் தலைவர் பரிவாரத்தோடு வந்து, கொட்டகைக் கூரைமேல் ஏறிப் பார்த்துவிட்டு, என்னய்யா இது, மேலேருந்து பாத்தா கிணறு மாதிரி இருக்கு, விமானி பயந்துட மாட்டானா, குறுக்க ரெண்டு கோடு போடு, மூடின கிணறுன்னு தைரியமா இறங்குவான் என்றாராம். அப்பா தாளை நீட்டியிருக்கிறார். தலைவர் அதே தாளின் ஓரத்தில், குறுக்கே இரண்டு கோடு போடவும் என்று பென்சிலால் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பெரிய மனிதர் எழுதிக் கொடுத்தபின் காவல்காரர் என்ன செய்வார், போட்டார், வட்டத்தின்மேல் பெருக்கல் குறி விழுந்தது. மறுநாள் பாண்டு வாத்தியம், மாலை மரியாதை, ஊரே அண்ணாந்து நின்றது, விமானம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த வழியே போய்விட்டது. அன்று சாயங்காலமே அப்பாவுக்கு வேலை போயிற்று. அடுத்த வாரம் சத்தமில்லாமல் அந்த இரண்டு கோடுகளையும் அழித்தார்கள், விமானம் இறங்கியது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு மூன்று வருடம் அங்கே தபால் வந்தது, அப்பா அந்தப் பக்கமே போகவில்லை. கடைசிவரை ஊரார் வீடுகளுக்கு வெள்ளையடித்தே காலம் தள்ளினார், சுண்ணாம்பு அரித்த அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் நீ நடை பழகினாய்.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய்க் கமிட்டித் தலைவரைப் பார்த்தேன், அவர் அந்தப் பழைய தலைவரின் பேரன், கடைவீதியில் இருக்கிற பல் டாக்டர். யாருடைய எச்சிலோ பட்ட கையுறையைக்கூடக் கழற்றாமல் வாங்கிப் படித்தார், படித்துவிட்டுச் சிரித்தார். கல்லு வெட்டியாச்சேம்மா, இப்ப எங்க தாத்தாவ முட்டாள்னு எழுதச் சொல்றீங்களா என்று கேட்டுக்கொண்டே அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். முட்டாள் என்று எழுத வேண்டாம், என் அப்பாவைப் பற்றிய பொய்யை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றேன், பார்க்கலாம் என்றார். தாளில் இப்போது ஒரு கறை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அவர் அந்நியர். உன் மாமாவும் கமிட்டியில் இருக்கிறான், அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறான். கேட்டால், விடுக்கா, அப்பா போயி எத்தன வருஷமாச்சு, மேடையில முன் வரிசையில நமக்கு நாற்காலி போடறாங்க என்கிறான். ஒரு நாற்காலிக்காகப் பெற்றவரை விட்டுக்கொடுத்தவன் என் கூடப்பிறந்தவன் என்று நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. அவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

நீ வந்து திரையை இழுத்தால் பேத்தியே ஒப்புக்கொண்டாள் என்றாகிவிடும், அதற்குத்தான் உன்னைக் கூப்பிடுகிறார்கள். வராதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. உன்னைப் பார்த்து நாலு வருடம் ஆகிறது, இந்த விழாவைச் சொல்லித்தான் உனக்கு லீவே கிடைத்திருக்கிறது, உன் அப்பா உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டு வைத்திருக்கிறார். இரண்டு நாள் யோசித்தேன். நேற்றுக் காலை ஒரு வாளி சுண்ணாம்பு கரைத்து, வெள்ளையடிக்கிற மட்டையோடு போய், லாரிக்காரர்கள் பார்க்கப் பார்க்க அந்தக் கல்லின்மேல் மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டுவிட்டு வந்தேன். மேஸ்திரி ஏதோ அளவுக்குப் போட்ட குறி என்று நினைத்துக் கமிட்டி ஆட்கள் அப்படியே துணி போட்டு மூடிவிட்டார்களாம். அறுபது வருடம் ஆகியும் இந்த ஊரில் ஒருவருக்கும் அதற்கு அர்த்தம் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

வேலை நேரத்தில் கண்ணாடியைக் கழற்றாதே, மாப்பிள்ளையை இருமலுக்கு டாக்டரிடம் காட்டு, பிள்ளைகளை நான் கேட்டதாகச் சொல். எல்லாரும் நோய் நொடியில்லாமல் நிறைந்து வாழுங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மறக்காதே, லீவை ரத்து செய்யாமல் விழாவுக்கு அடுத்த வாரமாக மாற்றிக் கேள். வாளியில் சுண்ணாம்பு மீதி இருக்கிறது. நீ வருகிற அன்று நம் வாசலில் பெரிய வட்டமாகப் போட்டு வைக்கிறேன், அங்கே வந்து இறங்கு.

இப்படிக்கு,
மைதானக் காவல்காரரின் மகள்,
உன் அம்மா